வேகக் கடவுளுக்குக் காணிக்கை

உங்கள் பைக்கின் ஸ்பீடோமீட்டரில் கடைசியாக என்ன எண் போட்டிருக்கிறது? 120? 140? 160? முள் அந்தக் கடைசி எண்ணை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்ததுண்டா? 'சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்கிறீர்கள். நம்பிவிட்டேன். வீட்டிலும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயம். நீங்கள் '100 தொட்டுட்டேன்' என்று புல்லரித்துப்போன அந்த நேரத்தில், நிஜமாகவே வண்டி 100-ல் போயிருக்காது. 93, 95 என்று ஏதோ போயிருக்கும். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டினால் பரவாயில்லை என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. எதற்கு வம்பு என்று வண்டிக் கம்பெனிகள் கூட்டியே வைத்துவிடுகின்றன. ஆக, நம் வேகத்தைப் பற்றி நண்பர்களிடம் அளக்கும் கதையில் நாம் சேர்க்கும் மசாலா போக, கம்பெனியே போட்டுக் கொடுத்த மசாலாவும் கொஞ்சம் உண்டு!

மசாலாவே செல்லாத இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேற்கு ஓரம். போனவில் உப்புவெளி. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு பிரம்மாண்டமான ஏரி இருந்தது. ஏரி வற்றிப்போய் உப்பு மிஞ்சியது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெள்ளை. மரம் கிடையாது, மேடு கிடையாது, டீக்கடை கிடையாது, குறுக்கே வரும் எருமை கிடையாது. குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கி, வெயிலில் காய்ந்து, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் உப்பு இறுகித் தரை மாதிரி ஆகிவிடும். அப்போது வேகப் பைத்தியங்கள் ஸ்பேனரும் கூடாரமுமாக வந்து இறங்குவார்கள். 1949-லிருந்து 'ஸ்பீட் வீக்' என்று இதற்கு ஒரு திருவிழாவே நடக்கிறது. உப்பு சரியில்லாவிட்டால் திருவிழா ரத்து. 2014, 2015 இரண்டு வருஷமும் அப்படி ரத்தானது. இயற்கை அனுமதித்தால்தான் வேகம்.

அங்கே நடப்பது டி.வி.யில் நாம் பார்க்கும் ரேஸ் இல்லை. பக்கத்தில் இன்னொருத்தன் முறைத்துக்கொண்டு ஓட்ட மாட்டான். வளைவு இல்லை, முந்துவது இல்லை. நீங்கள், உங்கள் வண்டி, உப்பின் மேல் குறித்து வைத்த சில மைல் நீளப் பாதை. அவ்வளவுதான். குறிப்பிட்ட தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தீர்கள் என்று கடிகாரம் பார்க்கும். ஒரு தடவை பிய்த்துக்கொண்டு போனால் மட்டும் போதாது. இன்னொரு தடவையும் ஓடிக் காட்டணும். இரண்டின் சராசரிதான் ரெக்கார்டு. சர்வதேசச் சாதனை என்றால் இரண்டாவது ஓட்டம் எதிர்த்திசையில். முதல் தடவை முதுகில் காற்று தள்ளிவிட்டிருந்தால், திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறைந்து கணக்கை நேர் பண்ணிவிடும்.

ராக்கெட் மாதிரி வண்டி கட்டிக்கொண்டு வரும் பணக்காரக் கோஷ்டியும் அங்கே உண்டு. எனக்குப் பிடித்தது இன்னொரு கோஷ்டி. நாம் காய்கறி வாங்கப் போகிற மாதிரி தெருவில் ஓடிக்கொண்டிருந்த சாதாரண மோட்டார் சைக்கிளை எடுத்து, அதைக் கழற்றி, இழைத்து, மெலியவைத்து, உப்பில் ஓடவிடுகிறவர்கள்.

தெரு வண்டியை எப்படி அந்த மாதிரி மாற்றுவார்கள்? 'பெரிய எஞ்சின் போடுவாங்க' என்றுதானே நினைக்கிறீர்கள்? முதலில் கழற்றுவார்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், ஹெட்லைட், பின்சீட், ஸ்டாண்டு எல்லாம் போகும். ஹேண்டில்பாரைக் கீழே இறக்கி, ஓட்டுகிறவர் டாங்க் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு படுக்கிற மாதிரி வைப்பார்கள். பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் குறைப்பார்கள். இதனால் சிக்னலில் வண்டி சோம்பேறி மாதிரி கிளம்பும், ஆனால் கடைசியில் எட்டும் வேகம் கூடும். ஹேண்டில் வெடவெடவென்று ஆடாமல் இருக்க டாம்பர் ஒன்று. ஓட்டுகிறவர் கீழே விழுந்தால் எஞ்சின் தானே அணைந்துபோக, உடம்போடு கட்டிய ஒரு கயிறு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் எஞ்சினைத் தொடுவது.

ஏன் இந்த வரிசை? ஓடும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பாருங்கள் (வேண்டாம், நினைத்து மட்டும் பாருங்கள்). காற்று கையைத் தள்ளுகிறதல்லவா? வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளு நான்கு மடங்கு. அதை எதிர்த்து ஓட எஞ்சினுக்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு! காற்றை மட்டும் கிழித்துக்கொண்டு 100 கிலோமீட்டரில் போக 10 குதிரைசக்தி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 200-ல் போக 80 வேண்டும். எண்பது குதிரையைத் தேடி அலைவதைவிட, காற்றுக்குக் குறுக்கே நிற்கும் நாலு சாமானைக் கழற்றுவது மலிவு.

இதை நிரூபித்தவர் ரோலி ஃப்ரீ என்ற அமெரிக்கர். 1948, செப்டம்பர் 13. போனவில். வின்சென்ட் கம்பெனியின் மோட்டார் சைக்கிள். மணிக்கு 150 மைலைத் தாண்டணும் என்று ஆசை. தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டினார், கொஞ்சத்தில் தவறியது. உடுப்பு காற்றில் கிழிந்துவேறு போனது. மனிதர் யோசித்தார். உடுப்பைக் கழற்றினார். நீச்சல் டிராயர், தலையில் குளியல் தொப்பி, காலில் இரவல் கான்வாஸ் ஷூ. வண்டி மேல் குப்புறப் படுத்து, காலைப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு விட்டார் பாருங்கள்... 150.313 மைல்! ஏறக்குறைய 242 கிலோமீட்டர். சட்டையைக் கழற்றிச் செய்த ரெக்கார்டு. அந்தப் போட்டோ உலகப் புகழ் பெற்றது. தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். உப்பில் தோல் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு அப்படி வந்து நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ரோலி ஃப்ரீ ஒரே நாளில் செய்ததை, வாழ்நாள் முழுக்க ஒரு வேலையாகச் செய்தவர் பர்ட் மன்ரோ. 2005-ல் அவரைப் பற்றி ஒரு சினிமா வந்தது. ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த 'தி வேர்ல்ட்'ஸ் ஃபாஸ்ட்டஸ்ட் இண்டியன்'. தலைப்பைக் கேட்டுவிட்டு என் நண்பர் ஒருவர், 'அட, நம்மாளா! எந்த ஊரு?' என்றார். நம்மாள் இல்லை சார். 'இண்டியன்' என்பது அமெரிக்க மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயர். மன்ரோ நியூசிலாந்துக்காரர். அந்த நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு சின்ன நகரம். அங்கே மோட்டார் சைக்கிள் விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் தொழில்.

1920-ல் அவர் ஓர் 'இண்டியன் ஸ்கவுட்' வாங்கினார். 600 சி.சி. புதிதாக வாங்கியபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 89 கிலோமீட்டர். 1926-ல் 'இதைக் கொஞ்சம் வேகமாக்கிப் பார்ப்போம்' என்று ஸ்பேனரை எடுத்தார். கீழே வைக்கப் பல பத்து வருஷம் ஆனது.

பகலில் வேலை, ராத்திரியில் ஷெட். கையில் காசு கிடையாது. கடையில் வாங்க முடியாததைத் தானே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றினார். பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. பழைய இரும்பு கேஸ் குழாயை அறுத்து சிலிண்டர். டிராக்டர் அச்சு இரும்பை அரத்தால் ராவி ராவிக் கனெக்டிங் ராடு. அளக்கும் மைக்ரோமீட்டர்? சக்கரக் கம்பி ஒன்றை வளைத்து அதையே கருவியாக்கிக்கொண்டார். வால்வு அமைப்பையே மாற்றினார். 600 சி.சி. எஞ்சின் கடைசியில் 950 சி.சி. ஆனது. மேலே மீன் வடிவத்தில் சிவப்புக் கூடு ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 மைல் போன வண்டி 184 போகணும் என்றால் மூன்று மடங்குக்கும் மேல். பழைய உடம்போடு போனால் முப்பத்தேழு மடங்கு சக்தி வேணும். அதனால்தான் அந்தக் கூடு. எஞ்சினில் சக்தியைக் கூட்டியது பாதி, காற்றிடம் சமாதானம் பேசியது மீதி.

பிஸ்டன் உருகும். ராடு முறியும். சிலிண்டர் வெடிக்கும். உடைந்ததைத் தூக்கி எறியாமல் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். அலமாரிக்கு அவர் வைத்த பெயர், 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை'. பழநி உண்டியலில் வெள்ளியில் கண், கால் செய்து போடுகிறோமே, அந்த மாதிரி. இவர் போட்டது உருகிய பிஸ்டன்.

போனவில்லில் 1962-ல் முதல் ரெக்கார்டு. 178.97 மைல். அப்போது அவருக்கு 63 வயது. அதோடு ஊருக்குத் திரும்பி ஓய்வெடுக்கலாமல்லவா? திரும்பத் திரும்பக் கடல் கடந்து வந்தார். 1967-ல், 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் 183.586 மைல் என்று எழுதிக் கொடுத்தார்கள். தகுதி ஓட்டம் ஒன்றில், ஒரு திசையில், 190 மைலைத் தாண்டினார். ஆளுக்கு வயது 68. வண்டிக்கு வயது 47. ரெண்டு பேருக்கும் சேர்த்து 115!

இந்தப் பெரியவரின் கதையை நான் தோண்ட ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்துக்கு வயது 19. கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன்.

மச்சான் ஆசையாக வைத்திருந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, இப்போது பையன் கையில். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஆனாலும் அதன் சத்தத்துக்கு இன்றைக்கும் பசங்க சொக்கிக் கிடக்கிறார்கள். ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். 'டேய், இவன் வண்டியப் பிரிச்சு ரேஸ் வண்டி ஆக்கப் போறானாமா. எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. நீ சொன்னாத்தான் கேப்பான்.'

அக்காவின் பயத்துக்கு அர்த்தம் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் அவர்கள் தெருப் பையன் ஒருவன், இவனுடைய சிநேகிதன், ராத்திரி பதினோரு மணிக்குப் பந்தயம் கட்டிக்கொண்டு மெயின்ரோட்டில் போய், நின்றுகொண்டிருந்த லாரியில் மோதினான். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். பையன் அதே பைக்கில் உட்கார்ந்து, கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற போட்டோ. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. இரண்டுக்கும் நடுவே 18 வருஷம். துக்கத்துக்குப் போயிருந்தபோது வாசலில் பசங்க பேசிக்கொண்டிருந்தார்கள். 'நூத்தி இருபதுல போனான்' என்றான் ஒருத்தன். 'இல்லடா, நூத்தி நாப்பது' என்றான் இன்னொருத்தன். எவ்வளவு வேகத்துக்காக அந்தப் பிள்ளை உயிரை விட்டான் என்பதுகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

'வண்டியை விற்றுவிடு' என்று சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆகாது. விற்ற காசில் வேறு வண்டி வாங்க அவனுக்கு இரண்டு நாள் ஆகாது. அதனால் பையனைக் கூட்டிக்கொண்டு கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். கோயம்புத்தூர் பட்டறைகளின் ஊர். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்ற ஜி.டி.நாயுடுவின் ஊர். பட்டறை அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பையனைப் பார்த்தார்.

'என்ன கண்ணு பண்ணோணும்?'

'ஸ்பீடு வேணுங்க தாத்தா.'

'இப்ப எத்தன போகுது?'

'நூத்திப் பத்துங்க.'

'ஆரு அளந்தா?'

'மீட்டர்லதானுங்க...'

'மீட்டரச் செஞ்சது ஆரு? வண்டிய வித்தவந்தானே செஞ்சான்? அவஞ் சொல்றத நம்பிட்டுத்தான் நீ பந்தயம் கட்டுறயா?'

பையன் என்னைப் பார்த்தான். நான் லேத்தைப் பார்த்தேன்.

அண்ணன் விளக்கினார். ஆர்.எக்ஸ். மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பெட்ரோல் கலவை உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. புகை போகும் ஓட்டையை அரத்தால் மேல்பக்கம் உயர்த்தினால் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது சக்தி கூடும். ஆனால் மெதுவாகப் போகும்போது இழுவை செத்துப்போகும். கால் மில்லிமீட்டர் கூடிப்போனால் சிலிண்டர் குப்பைக்கு. 'அரத்துல எடுத்தா எடுத்ததுதான் கண்ணு. திருப்பி ஒட்ட முடியாது. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தோணும். ரெண்ட மாத்துனா எதுனால கூடுச்சு, எதுனால கெட்டுச்சுன்னு தெரியாது. ஒரு நோட்டு வாங்கிட்டு வா. எல்லாத்தையும் தேதி போட்டு எழுதோணும்.'

அப்புறம் கடைசியாக ஒரு கேள்வி. 'எங்க ஓட்டப் போற?'

பதில் இல்லை.

'ரோட்டுல ஓட்டறதுக்குன்னா நான் அரத்தத் தொட மாட்டேன். வேகம் வேற, அவசரம் வேற கண்ணு. ரோட்டுல போறவனுக்கெல்லாம் அவசரந்தான்.'

சட்டமும் அதையேதான் சொல்கிறது. ரோட்டில் ஓடும் வண்டியை ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு இருக்கிறது. ஆனால் பத்தொன்பது வயதில் எவன் பிரிவைப் படிக்கிறான்? 'எங்கே ஓட்டக் கூடாது' என்று சொல்லிவிட்டோம். 'எங்கே ஓட்டலாம்' என்று யார் சொல்வது?

இடம் இல்லாமலில்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் வருஷக்கணக்கில் ரேஸ் நடந்தது உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வைக்கோல் கட்டு அடுக்கி எல்லை வைத்து, ஊரே திரண்டு வந்து பார்க்கும். 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் பாதை இருக்கிறது. கோயம்புத்தூரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள்களுக்கு 'டிராக் ரேஸ்' நடக்கும். 402 மீட்டர், அதாவது கால் மைல். நேர்கோடு. ஹெல்மெட், தோல் உடுப்பு, ஆம்புலன்ஸ். விநாடியை ஆயிரம் துண்டாக நறுக்கும் கடிகாரம். போனவில் உப்புவெளியின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனவில்லுக்கே நம் ஊர் வண்டி போய் வந்த கதையும் உண்டு. 2018 ஆகஸ்ட்டில் கேலா ரிவாஸ் என்ற 18 வயது அமெரிக்கப் பெண், சென்னையில் பிறந்த ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. வண்டியை அங்கே மணிக்கு 157 மைலில், அதாவது ஏறக்குறைய 253 கிலோமீட்டரில் ஓட்டி ரெக்கார்டு வைத்தார். கடையில் வாங்கும் வண்டி இல்லை. பெரிய பட்டறைகள் எஞ்சினை இழைத்து, கூடு மாட்டி, பல்லி மாதிரி படுக்கவைத்துத் தயார் செய்த வண்டி. இருந்தாலும், திருவொற்றியூரில் பல காலம் 'டுப் டுப்' என்று நிதானத்துக்குப் பெயர் வாங்கிய குடும்பத்துப் பிள்ளைதானே அது? படத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சின்னதாக ஒரு பெருமிதம்.

பையனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்ரோ படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் கேட்டான், 'மாமா, அந்தத் தாத்தாவுக்குப் பயமே இல்லியா?'

இருந்திருக்கும். 1967 ஓட்டம் ஒன்றைப் பற்றிப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். முழு வேகத்தில் போகும்போது வண்டி ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க, படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணே தெரியவில்லை. குறியீட்டுக்கு நட்டிருந்த இரும்புக் கம்பத்தை மயிரிழையில் தப்பி, வண்டியை உப்பில் சாய்த்தார். சிராய்ப்போடு பிழைத்தார். பிழைத்ததற்கு அதிர்ஷ்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம், சுற்றிலும் பல மைலுக்கு மோத ஒன்றுமில்லை. நிறுத்தி வைத்த லாரி இல்லை. பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்கும் அம்மா இல்லை. அவருடைய ஆபத்து அவருக்கு மட்டும்தான் இருந்தது.

இந்தப் பெரியவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. மண வாழ்க்கை பாதியில் முடிந்துபோனது. ஷெட்டிலேயே ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு வண்டியோடு குடித்தனம் நடத்தினார். ஐம்பதுகளின் கடைசியில் நெஞ்சுவலி வந்தும் விடவில்லை. ஒரு பைத்தியக்காரத்தனத்துக்கு அவரும் வீட்டாரும் கொடுத்த விலை ரொம்ப அதிகம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். 1977-ல் பக்கவாதம் வந்தபோது, வண்டிகள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று உள்ளூர்க் கடைக்காரர் ஒருவருக்கே விற்றார். அடுத்த வருஷம் ஜனவரியில் இறந்துபோனார். அந்த ஹார்டுவேர் கடையில், ஆணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே அவருடைய இண்டியன் காட்சிக்கு நிற்கிறது.

பையனுக்கு நான் சொன்ன கடைசித் தகவல் ஒன்று. 2014-ல், மன்ரோ இறந்து 36 வருஷம் கழித்து, அவர் மகன் பழைய ரெக்கார்டுத் தாளைப் பார்த்தார். சராசரி போட்டதில் ஒரு பிழை. அமெரிக்கன் மோட்டார்சைக்கிளிஸ்ட் அசோசியேஷனுக்குத் தெரிவித்தார். அவர்கள் சரிபார்த்து, 183.586-ஐ 184.087 என்று திருத்தினார்கள். அரை மைல். செத்துப்போன மனிதருக்கு அந்த அரை மைல் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பாருங்கள், 47 வருஷம் கழித்தும் அவர் எவ்வளவு வேகத்தில் போனார் என்பது மூன்று தசமப் புள்ளி வரைக்கும் தெரிகிறது. நம் தெருப் பையன் எவ்வளவு வேகத்தில் போனான் என்பது மறுநாளே யாருக்கும் தெரியவில்லை.

அக்கா மகன் நோட்டு வாங்கினான். நம்பர் பிளேட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். அவள் அதைப் பூஜை அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். காலேஜுக்கு டவுன் பஸ். ஏழு மாதம் சாயந்தரம் சாயந்தரம் பட்டறையிலேயே கிடந்தான். ஒரு சிலிண்டர் வீணானது. பிஸ்டன் இரண்டு தடவை இறுகிப்போனது. இரண்டையும் எறியவில்லை, ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறான். என்னைக் கேட்டு அட்டையில் எழுதி ஒட்டவும் செய்தான். என்ன எழுதினான் என்று உங்களுக்கே தெரியும்.

சென்ற மாதம் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனோம். பட்டறை அண்ணனும் வந்தார், டிபன் பாக்ஸில் புளிசாதத்தோடு. 402 மீட்டர். 16.482 விநாடி. அவன் பிரிவில் ஓடியவர்களில் இவன்தான் கடைசி. இறங்கி வந்தவன் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன். அவன் நோட்டை எடுத்து அந்த எண்ணை எழுதிக்கொண்டிருந்தான்.

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

'ஜெயிச்சானாடா?'

'இல்லக்கா. கடைசி.'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'சாப்பிட்டானா?' என்றாள்.